காயாத பாசி

பதினோரு மாதத்துக்கு முன்னால் காய்ந்து, தாளோடு தாளாக ஒட்டிப்போன பாசி, அன்றைக்குக் காலையில் ஈரமாக இருந்தது.

அன்புச்செல்வன் முதலில் தன் விரலைத்தான் சந்தேகப்பட்டான். முகம் கழுவிய கையாக இருக்கும் என்று வேட்டியில் நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி தொட்டான். குளிர்ந்த வழவழப்பு. அடியில் வைத்திருந்த பழைய செய்தித்தாள் ஊறி, இந்தப் பக்கத்து எழுத்தும் அந்தப் பக்கத்து எழுத்தும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தன. கள்ளக்குறிச்சியில் மழை பெய்து ஒரு மாதம் ஆகிறது. தளம் போட்ட வீடு, ஒழுகவும் வழியில்லை. மேலே இருந்த நாற்பத்திரண்டு தாளும் அப்பளம் மாதிரி மொறமொறவென்று இருந்தன. கட்டின் அடியில் இருந்த நாற்பத்து மூன்றாவது தாள் மட்டும் ஈரம்.

அவன் ஆராய்ச்சியே கடலோரப் பச்சைப் பாசிகளை இனம் பிரிப்பதுதான். கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு இதென்ன மாப்பிள்ளை படிப்பு என்று மாமனார் கேட்காத நாளில்லை. பறித்து வந்த பாசியைத் தட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அடியில் கெட்டித் தாளை நுழைத்து, இழை இழையாகப் பிரித்து, அப்படியே அலுங்காமல் தூக்க வேண்டும். மேலே மெல்லிய துணி, அதற்கு மேல் செய்தித்தாள், இரண்டு பக்கமும் பலகை, பலகை மேல் அம்மிக்கல். நாலு நாள் செய்தித்தாளை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் போதும், பாசி தன் பசையிலேயே தாளில் ஒட்டிக்கொள்ளும். ஒரு தடவை காய்ந்தால் காய்ந்ததுதான். அப்புறம் நாமாகத் தண்ணீர் ஊற்றினால்தான் உண்டு.

அவன் ஊற்றவில்லை. வீட்டில் வேறு ஆளும் இல்லை. மனைவி விஜயலட்சுமி திருநாவலூரில் தாய் வீட்டுக்குப் போனவள், பஸ் நின்றுபோனதால் அங்கேயே மாட்டிக்கொண்டாள்.

"இன்னா சார் இது, வூடு பூரா கவுச்சி நாத்தம்?" வீட்டுக்கார ராணியம்மாள் பக்கத்துப் போர்ஷனிலிருந்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "ஊர்ல ஒருத்தருக்கும் பாலே இல்ல, நீங்க கருவாடு வாங்கி ஒளிச்சி வச்சிக்கினு இருக்கீங்களா?"

"இல்லீங்க. பாசிதான். லேசா ஈரம் பட்டுடுச்சி. பேப்பர் மாத்தினா சரியாப்பூடும்."

"பேப்பருக்கு எங்க போவீங்க? ரோடு நெடுக புளிய மரத்த வெட்டிப் போட்டுக்கினு இருக்காங்க. இன்னும் அஞ்சு நாளைக்கு ஒண்ணும் வராதாம்."

எண்பத்தேழு செப்டம்பர் அது. படிப்பிலும் வேலையிலும் தங்களுக்கு உரிய பங்கைக் கேட்டு ஜனங்கள் ஒரு வாரம் சாலையை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். ராத்திரி பகல் லாரி இரைகிற சேலம் ரோடு, பட்டப்பகலில் வாயடைத்துக் கிடந்தது. அந்த நிசப்தத்தில் வீட்டுக்குள்ளே ஒவ்வொரு சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்டது. பலகை ஈரத்தில் உப்பி நெறநெறவென்பது. எங்கேயோ ஒரு சொட்டு. குழாயைப் போய்ப் பார்த்தான். குழாய் காய்ந்து கிடந்தது.

திரும்பி வந்து, அந்தத் தாளின் மூலையில் தானே எழுதி ஒட்டிய சீட்டைப் பார்த்தான். பாசியின் பெயர், இடம், தேதி. 'சேகரித்தவர்: செ. அன்புச்செல்வன்.' அத்தனை ஈரத்திலும் அந்த மை கொஞ்சமும் கலையவில்லை.

அது பொய். நாற்பத்து மூன்றில் அவன் கையால் பறித்தது ஒன்றுகூட இல்லை. இந்த ஒன்றைத் தவிர எல்லாம் நண்பன் பாவாடை பறித்தது.

பாவாடையும் அவனும் நைனார்பாளையத்து ஆட்கள், ஒரே வயசு. அன்புச்செல்வன் வீட்டு வயலில் பாவாடையின் அம்மா சாலம்மாள் நடவு நட்டாள், களை எடுத்தாள். அந்தக் கூலியில் படித்த பிள்ளை அன்புச்செல்வனைவிட நல்ல மார்க் வாங்கி, இரண்டு பேரும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார்கள். ஊரில் அன்புச்செல்வனை 'வாங்க, போங்க' என்று கூப்பிட்ட பாவாடை, ராமநாதபுரத்துக் கடலுக்குப் போன பிறகுதான் 'டா' போடப் பழகினான். பாசியைத் தொட்டே பெயர் சொல்லிவிடுவான். இது கீரை மாதிரி இருக்குது, உல்வா. இது வெண்டைப் பிஞ்சு மாதிரி, கோடியம். அன்புச்செல்வன் பாறைமேல் நின்று எழுதிக்கொள்வான்.

கடலுக்குள் இறங்கினால் படகுக்காரர் ஒருத்தர் கூட இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உதவித்தொகை ரத்து என்று பேராசிரியர் எச்சரித்திருந்தார். அன்றைக்குப் படகுக்காரர் வரவில்லை. அவர்களுக்குத் தெரிந்த ஒரே நீச்சல் கிணற்று நீச்சல். ஊரில் பிள்ளைகளுக்குப் பழக்குவது போலவே பாவாடை இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டான், மறு நுனி அன்புச்செல்வன் கையில். கிணற்றில் தண்ணீர் இழுக்காது. கடல் இழுத்தது. ஒரு கையில் கயிறு, ஒரு கையில் அதுவரை பறித்த பாசி இருந்த பை. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருக்க வேண்டும். பையை அவன் போடவில்லை. கயிறுதான் கையை விட்டுப் போனது.

மறுநாள் விடியற்காலையில் அதே பாறைக்குப் போனான். உடம்பு ஒதுங்கவில்லை. முடிக்கற்றை மாதிரி ஒரு பச்சைப் பாசி மட்டும் காலடியில் வந்து சுற்றிக்கொண்டது. பழக்க தோஷம், அதையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். ஒற்றை இழையாக வளர்கிற கீட்டோமார்பா என்று எழுதிவிட்டான். மற்ற நாற்பத்திரண்டையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துப் பார்த்து இனம் பிரித்தவன், இந்த ஒன்றை மட்டும் பார்க்காமலே பெயர் வைத்தான். பார்க்கத் தெம்பு இல்லை.

உண்மை தெரிந்தால் உதவித்தொகை போய்விடும். பேராசிரியரிடமும் ஊரிலும், சண்டை போட்டுக்கொண்டு பாவாடை பம்பாய்க்கு வேலைக்குப் போய்விட்டான் என்றான். எல்லாரும் நம்பினார்கள். சாலம்மாள் மாதா மாதம் பஸ் ஏறி வந்து, வாசலிலேயே நின்று, 'ஏதாவது சேதி உண்டுங்களா தம்பி' என்று கேட்டுவிட்டுப் போவாள். செத்துப்போனான் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் அழுது, எட்டாம் நாள் துக்கத்துக்கு எண்ணெய் வைத்து, மனசை ஆற்றிக்கொள்வாள். அந்த ஒரு வார்த்தைதான் அவனுக்குப் பதினோரு மாதமாக வரவில்லை. ஊரே பங்கு கேட்டு ரோட்டில் நிற்கிறது, நான் ஒருத்தன் பங்கையும் உயிரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்தான்.

இரண்டாம் நாள் மத்தியானம் கட்டைப் பிரித்தபோது பாசி தாளைத் தாண்டி வளர்ந்திருந்தது.

நாலு விரற்கடை. பலகையின் விளிம்பில் வழிந்து, நுனி நுனியாகத் தொங்கி, ஒவ்வொரு நுனியிலும் ஒரு சொட்டு நின்றது. ஜன்னல் வழியாக வந்த வெயிலில் அந்தச் சொட்டுகள் மின்ன, அறை முழுக்க உப்பும் அழுகலும் கலந்த வாசனை, அன்றைக்கு விடியற்காலைப் பாறையில் அடித்த அதே வாசனை, தொண்டையில் வந்து ஒட்டிக்கொண்டது. கத்தரிக்கோலால் வெட்டினான். வெட்டியதைப் பழைய துணியில் சுருட்டிக் கொல்லைப்புறக் குப்பையில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தான். எரிந்தபோது பாசி எரிகிற வாசனை வரவில்லை. பழனியில் மொட்டை போடுகிற இடத்துக்குப் பின்னால் குவித்துக் கொளுத்துவார்களே, அந்த வாசனை.

மூன்றாம் நாள் காலையில் அவன் நுண்ணோக்கியை எடுத்து ஜன்னலோரம் வைத்தான். பார்த்தே தீர வேண்டும். ஒரே ஒரு இழையை இடுக்கியால் பிடித்து இழுத்தான். சுலபமாக வரவில்லை. தாளின் அடியில் எதுவோ பிடித்திருந்தது. விசுக்கென்று வந்தது. கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மூடி, கண்ணை வைத்தான்.

கிளை உண்டா? இல்லை.

குறுக்குச் சுவர்? கீட்டோமார்பா என்றால் ரயில் பெட்டி மாதிரி அறை அறையாகத் தெரிய வேண்டும். இல்லை.

நடுவில் கறுப்பாக ஒரு கோடு. மேல்தோலில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில். பாறையில் ஒட்டுகிற அடிப்பாகத்துக்குக் கண்ணாடியை நகர்த்தினான். அங்கே ஒட்டுவேர் இல்லை. வெங்காயத் தாளின் அடி மாதிரி வெள்ளையாக ஒரு குமிழ். பிடுங்கிய தலைமுடியில் இருக்குமே, அது.

பின்னால் பலகை நெறநெறத்தது. அம்மிக்கல் கொஞ்சம் மேலே எழும்பி, மறுபடி இறங்கியது. மறுபடி எழும்பியது.

மூச்சு மாதிரி.

அவன் வெளியே ஓடிவந்து அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டான். அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ இருமினார்கள்.

சாலம்மாள்.

முழங்கால் வரைக்கும் புழுதி, காலில் வெடிப்பு. "பஸ்ஸு இல்லீங்களே தம்பி. நேத்து பொழுது சாயக் கெளம்பி நடந்தே வந்தேன். மரத்துக்கு மரம் ஏறி எறங்கி எறங்கி முட்டி கழண்டு போச்சி."

"உள்ள வாங்கம்மா. உக்காருங்க." பிறந்ததிலிருந்து 'சாலம்மா, இங்க வா' என்றே கூப்பிட்டவன் அவன்.

"இன்னா தம்பி, புதுசா ங்க போடுறீங்க?" சிரித்துக்கொண்டே கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்தாள். சிரிப்பு உடனே அடங்கியது. "மூணு நாளா அவன் கனாவுல வர்றான். தலை பூரா ஈரம். தொடச்சி வுடும்மா, தொடச்சி வுடும்மான்னு ஒரே பேச்சி. இன்னாமோ ஆயிடுச்சின்னு நெஞ்சு அடிச்சிக்குது. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லிடுங்க தம்பி. நான் தாங்கிக்குவேன்."

சொல்லிவிடு. இப்போது சொல்லிவிடு. வாய் திறந்தது.

"கடுதாசி வந்துதும்மா," என்றான். "போன வாரம். பம்பாய்லதான் இருக்கான். சௌக்கியமா இருக்கானாம்."

அறைக்குள் எதுவோ கனமாக விழுந்து உருண்டது. கல்.

சாலம்மாள் கதவைப் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை. "தண்ணி கொண்டாறேன்," என்று சமையலறைக்குள் போய், பானையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது, அழத் தனக்கு யோக்கியதை இல்லை என்றும் இருந்தது. சொம்பில் மொண்டுகொண்டு திரும்பினான்.

கூடத்தில் அவள் இல்லை. அறைக் கதவு திறந்திருந்தது.

"எத்தினி நாளா இப்படியே ஈரத் தலையோட கெடக்கற?" உள்ளே சாலம்மாள் குரல். கோபமும் கொஞ்சலுமாக. "சளி புடிச்சிக்காது?"

அவன் நிலைப்படியில் நின்றான்.

பலகைகள் ஆளுக்கொரு பக்கம் கிடந்தன. தரை தெரியவில்லை. பச்சை. சுவரில் பச்சை. ஜன்னல் கம்பியில் சுற்றிக்கொண்டு பச்சை. வெயில் அதன் வழியாகத்தான் உள்ளே வந்தது. நடுவில் சாலம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அத்தனை பச்சையும் அவள் மடியில் போய்ச் சேர்ந்திருந்தது. மடியில் ஒரு தலை அளவுக்கு உருண்டையாக, கனமாக, புடவை தொய்ந்து கிடந்தது.

"ஒரு துண்டு குடுங்க தம்பி," என்றாள், திரும்பாமலே. "முந்தானையில தொடச்சேன். நிக்க மாட்டேங்குது தண்ணி."

தோளிலிருந்த துண்டை நீட்டினான். எட்டவில்லை. தரையில் போட்டான். அது தானாகவே அவள் பக்கமாக நகர்ந்து போனது.

"சொல்லியிருக்கலாமே நீங்க. உள்ளதான் வச்சிருக்கேன்னு."

"அம்மா... அவன்... கடல்ல..." என்று தொடங்கினான்.

"த்தோ, இரு கண்ணு. மூஞ்சியப் பாக்கறேன்." மடியில் இருந்ததிடம் சொல்லிவிட்டு, பேன் பார்ப்பது போல விரலால் வகிடு பிரித்தாள். அடியில் பச்சை. அதையும் பிரித்தாள். அதன் அடியிலும் பச்சை. பொறுமையாக. பிரித்தாள். பிரித்தாள். விரல் நின்றது.

இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தண்ணீர் ஊறி நின்றது. அதன் அடியிலிருந்து ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது.

"ம்," என்றாள் சாலம்மாள், குனிந்து காதைக் கொடுத்து.

இன்னொரு குமிழி.

"ம்."

அப்புறம் வரிசையாக. சின்னதும் பெரியதுமாக. விட்டு விட்டு. தண்ணீருக்குள்ளிருந்து ஒருத்தன் நிறுத்தி நிதானமாகப் பேசுகிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் அவள் ம் கொட்டினாள். பாவாடை எதைச் சொல்கிறான் என்று அன்புச்செல்வனுக்குத் தெரியும். எந்த இடத்துக்கு வந்திருக்கிறான் என்றுகூடத் தெரிந்தது. கயிறு. அடுத்தது பை.

"ம்... அப்புறம்?"

பெரிதாக ஒன்று.

சாலம்மாள் ம் கொட்டவில்லை. துண்டைக் கீழே வைத்தாள். குமிழி நின்றது. மெல்ல, மிக மெல்ல, அவள் கழுத்தைத் திருப்பி அன்புச்செல்வனைப் பார்த்தாள். அவள் மடியில் இருந்ததும் திரும்பியது.