மலையில் ஓடிய மஞ்சள் ஜக்கெற்

“சத்தியம் பண்ணு,” என்றார் அம்மா.

“ழு த ழூர்,” என்றாள் தர்மிளா, சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே.

“பிரெஞ்சுச் சத்தியம் எனக்குச் செல்லாது. தமிழிலை பண்ணு.”

கீழே பள்ளிக்கூட பஸ் வந்துவிடும். அவசரத்தில் தர்மிளா சொல்லிவிட்டாள்: “ஓட்டம் முடியுமட்டும் ஜக்கெற்றைக் கழட்ட மாட்டன். அம்மாவாணை!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சாமி மேல் ஆணையிட்டுவிட்டு ஒரு சொக்லேற்றை ஒளித்துத் தின்னலாம். சாமிக்கு வேறு வேலைகள் இருக்கும், மறந்துவிடுவார். ஆனால் அம்மாவாணையை மீறினால் அம்மாவுக்கே ஏதாவது ஆகிவிடும். இதை யாரும் தர்மிளாவுக்குச் சொல்லித் தரவில்லை. அவர்கள் குடியிருக்கும் லா ஷப்பலில் அவளுக்குத் தெரிந்த எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளும் நம்பிய விஷயம் அது.

அம்மாவுக்கு ஏற்கனவே ஒருமுறை ஆகிவிட்டிருந்தது. அம்மா ஒபர்வில்லியேயில் ஒரு துணிக் கிடங்கில் வேலை செய்பவர். போன நவம்பரில் ஒருநாள், ஜக்கெற் போடாமல் வெளியே நின்று லொறியில் இருந்து பெட்டிகள் இறக்கினார். அந்தக் குளிர் நெஞ்சில் இறங்கிவிட்டது. பதினொரு நாள் ஆஸ்பத்திரி. மூக்கில் ஒரு குழாய். நீலம் பாரித்த உதடுகள். அந்த உதடுகளைத் தர்மிளா இன்னும் மறக்கவில்லை.

அதனால்தான் இந்த ஜக்கெற். கடுகு மஞ்சள் நிறம். “வளருற பிள்ளை, ரெண்டு வருசத்துக்குக் கிடக்கட்டும்” என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கியது. போட்டால் முழங்கால் மறையும், கைவிரல் மறையும். கண்ணாடியில் பார்த்தால் தர்மிளாவே மறைந்துவிடுவாள்.

“போட்டு வாறன் அம்மா.”

“கவனமாய்ப் போட்டு வா, பிள்ளை,” என்று அம்மா ஸிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

பஸ் நோர்மாண்டிப் பக்கம் மூன்று மணி நேரம் ஓடியது. இறங்கியதும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். திறந்தால் காற்று உள்ளே போய்விடும் போல இருந்தது.

முன்னால் ஒரு நீளமான மலை. மரமே இல்லை. மலை முழுவதும் இடுப்பளவு உயரத்தில் புரூயேர் என்ற புதர். கோடையின் கடைசியில் அது ஊதாப் பூவால் மலையை மூடிவிடுமாம். இப்போது ஜனவரி. துருப்பிடித்த கம்பி போலக் கிடந்தது.

மூன்று கிலோமீற்றர் ஓட்டம். மலை ஏறி, உச்சிக் கல்லைச் சுற்றி, மறுபக்கமாக இறங்க வேண்டும். அறுபத்திரண்டு பேர் ஓடுகிறார்கள். முதல் பத்துப் பேர் வசந்தகாலப் பெரிய ஓட்டத்துக்குப் போகலாம். அந்தப் பத்தில் ஒன்றுக்காகத் தர்மிளா மூன்று மாதமாக லிஃப்டில் ஏறவில்லை. லிஃப்டும் மூன்று மாதமாகப் பழுதுதான். ஆனாலும் ஐந்து மாடி ஐந்து மாடிதானே!

எல்லாரும் அரைக்காற்சட்டையோடு நின்றார்கள். தர்மிளா மட்டும் ஜக்கெற்றோடு. அதன் நெஞ்சில் நான்கு ஊசிகள் குத்திய அட்டை: 114.

“அதைக் கழற்றிவிடு, தர்மிளா. வியர்த்துப் போவாய்,” என்றார் விளையாட்டு ஆசிரியர் ழான்-மார்க்.

“முடியாது மிஸ்யே. சத்தியம்.”

அவள் வகுப்பு மர்கரீத் சிரித்தாள். மர்கரீத்தான் பள்ளியிலேயே வேகமானவள், உயரமானவளும்கூட. “பாருங்கள், மெத்தை ஒன்று ஓட வந்திருக்கிறது!”

“மெத்தையிடம் தோற்றால் வெட்கம் உனக்குத்தான்,” என்றாள் தர்மிளா. சொல்லிவிட்டுக் குனிந்து தன்னைப் பார்த்தாள். மெத்தை மாதிரித்தான் இருந்தது. மர்கரீத் சொன்னதில் பிழையே இல்லை.

விசில் ஒலித்தது.

மேட்டில் ஏறும்போது காற்று எதிரே வந்தது. ஜக்கெற்றுக்குள் புகுந்து ஊதிப் பெருப்பித்தது. ஓரடி முன்னே வைத்தால் காற்று அரையடி பின்னே தள்ளியது. தர்மிளா ஐந்து மாடிகளை நினைத்துக்கொண்டாள். முதலாம் மாடி. இரண்டாம் மாடி. ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். உச்சிக் கல்லைச் சுற்றியபோது அவளுக்கு முன்னால் ஒன்பது பேர்.

பத்தாவது! போதும். இப்படியே இறங்கினால் போதும்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. ஆட்டுக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். நின்று பார்த்தாள். பாதைக்குப் பக்கத்துப் பள்ளத்தில், புரூயேருக்குள்ளே மர்கரீத் கிடந்தாள். முன்னே போனவர்கள் வேகத்தில் கவனிக்கவில்லை போலும்.

“கால்… மிதிக்க முடியவில்லை,” என்றாள் மர்கரீத்.

கணுக்கால் வீங்கியிருந்தது. வியர்வையில் நனைந்த மெல்லிய சட்டைமேல் காற்று அடித்தது. பல் கிட்டியது.

“நான் கீழே ஓடிப்போய்ச் சொல்லுகிறேன். பத்து நிமிடம். இரு,” என்றாள் தர்மிளா.

இரண்டு அடி வைத்தாள். திரும்பிப் பார்த்தாள்.

மர்கரீத்தின் உதடுகள் நீலமாக இருந்தன.

தர்மிளாவின் கை ஸிப்பில் போய் நின்றது. அங்கேயே நின்றது. அம்மாவாணை. அம்மா இப்போது கிடங்கில் நிற்பார். லொறி வந்திருக்குமோ? குளிராய் இருக்குமோ? கழற்றினால் இந்த நிமிடமே அம்மாவுக்கு…

“குளிருகிறது, தர்மிளா,” என்றாள் மர்கரீத். இப்போது அவள் குரலில் சிரிப்பு இல்லை.

தர்மிளா கண்களை இறுக மூடிக்கொண்டு ஸிப்பை இழுத்தாள். இப்படியொரு சத்தத்தை அவள் அதுவரை கேட்டதில்லை. மலையே கிழிந்தது போல இருந்தது.

“உன் எண் அட்டை!” என்றாள் மர்கரீத். “எண் இல்லாவிட்டால் உன்னைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.”

ஊசிகளைக் கழற்றப் பார்த்தாள். விரல்கள் மரத்துப்போய் ஒன்றுகூட அசையவில்லை. அதற்குள் ஒருவர் பின் ஒருவராக அவர்களைக் கடந்தார்கள்.

“கிடக்கட்டும்,” என்று ஜக்கெற்றை மர்கரீத்துக்குப் போட்டு, ஸிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். அம்மா இழுத்த மாதிரியே.

பிறகு ஓடினாள். பாரம் இல்லாத உடம்பு பறந்தது. ஆனால் நெஞ்சு மட்டும் கல்லாய்க் கனத்தது. கடந்து போனவர்களை மறுபடியும் கடந்தாள். யாரென்றும் பார்க்கவில்லை. கோட்டைத் தாண்டியபோது ழான்-மார்க் கத்தினார், “ஒன்பது! நீ ஒன்பதாவது!”

பட்டியல் எழுதும் பெண் நிமிர்ந்தார். “எண் எங்கே?”

“மேலே. பள்ளத்தில். மர்கரீத்மேல். கெதியாய்ப் போங்கள்!” தர்மிளாவுக்குப் பிரெஞ்சும் தமிழும் கலந்து வந்தன. ஆனாலும் எல்லாருக்கும் விளங்கியது.

எல்லாரும் வந்து முடிந்த பிறகு, இரண்டு பேர் மர்கரீத்தைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினார்கள். 114 நெஞ்சில் பளிச்சென்று தெரிந்தது. பட்டியல்காரப் பெண் பார்த்ததை எழுதினார்.

தர்மிளா அதைக் கவனிக்கவில்லை. ஒரு கம்பளியைச் சுற்றிக்கொண்டு, ழான்-மார்க்கின் போனில் அம்மாவைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

திரும்பிவந்த மூன்று மணி நேரமும் அவள் ழான்-மார்க்கின் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூட வாசலில் பஸ் நின்றது. விளக்குக் கம்பத்தின் கீழே அம்மா நின்றார். இரண்டு காலில். உதடுகள் உதட்டு நிறத்தில்.

“அம்மா! ஏன் போன் எடுக்கேல்லை?”

“கிடங்கிலை போன் பெட்டிக்குள்ளை எல்லே வைக்கிறது… எங்கை ஜக்கெற்? கழட்டினனியோ?”

“ஓம்,” என்றாள் தர்மிளா. அதற்குமேல் அழுகைதான் வந்தது. அழுகைக்கு நடுவே பள்ளம், உதடு, ஸிப், ஆணை எல்லாம் வந்தன.

அம்மா முழுவதையும் கேட்டார். பிறகு தன் ஜக்கெற்றைத் திறந்து, தர்மிளாவை உள்ளே இழுத்து மூடிக்கொண்டார். காதை நெஞ்சில் வைத்து, அம்மாவின் மூச்சைத் தர்மிளா எண்ணிப் பார்த்தாள். ஒழுங்காகத்தான் வந்தது.

“என்னை வைச்சுத்தானே சத்தியம் பண்ணினனி? அப்ப தீர்ப்பும் நான்தான் சொல்லவேணும்,” என்றார் அம்மா. “எனக்கு ஒண்டும் ஆகேல்லை. ஆனால் இனிமேல் என்னை வைச்சு உந்தச் சத்தியம் வேண்டாம். கேட்டது என்ரை பிழை.”

அப்போது மர்கரீத் நொண்டிக்கொண்டு இறங்கினாள். உயரமான பிள்ளை. ஜக்கெற் அவளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

“இஞ்சை பார், எவ்வளவு வடிவாய்க் கிடக்கு!” என்று அம்மா தன்னை மறந்து சொல்லிவிட்டார்.

மறுநாள் ழான்-மார்க் பட்டியலை அனுப்பியிருந்தார். இரவு வேலை முடிந்து அப்போதுதான் வந்த அப்பா அதை வாசித்தார். ஒன்பதாவது வரியில் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. அடியில் இருந்தது: 114, தர்மிளா இராஜேந்திரன், அறுபத்திரண்டாவது.

“கடைசியோ?” என்றார் அப்பா.

அம்மா பட்டியலை வாங்கி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார்.

“கடைசியாய் வந்தது ஜக்கெற்,” என்றார். “பிள்ளை ஒன்பதாவது.”