நாற்பத்தொரு பெருவிரல்கள்

கோதண்டராமன் போலீஸில் முப்பது வருஷம் துப்பறிந்து ஓய்வு பெற்றவர். செஞ்சியில் துப்பறியக் கோட்டையைத் தவிர ஒன்றுமில்லை என்று அவர் நிம்மதியாக இருந்த மார்கழிக் காலையில், வல்லத்திலிருந்து சவரியம்மாள் வந்தாள்.

“இன்னாம்மா, விரல்ல துணி?” என்றார் அவருடைய சீடரான சைக்கிள் கடை செபாஸ்தியான். சீடராக அவரை யாரும் நியமிக்கவில்லை.

“பத்து நாளா விதைக்கடலை உரிக்கிறோம். ஊர்ல எல்லாருக்கும் இதே கதிதான். அத்த வுடுங்க ஐயா. பூச்சிமருந்துக் கம்பெனி கழிவை எங்க ஏரியில வுட நாங்க ஒத்துக்கிட்டோமாம். நாப்பத்தோரு பேரு ரேகை வெச்சோமாம். என்னுதும் இருக்குதாம். நான் வெக்கவே இல்ல. கழிவுக் கொழாயத் தொறந்தா என் நாத்து போச்சு.”

கம்பெனி வெளிநாட்டுடையது. நிலம், மின்சாரம், ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் மட்டும் சர்க்காருடையவை.

மறுநாள் தாசில்தார் முன்னிலையில் விசாரணை. கம்பெனி ஏஜெண்டு தனகோட்டி தேச முன்னேற்றம் பற்றி இருபது நிமிஷம் பேசினார். ஊர்க்காரர்கள் நின்றுகொண்டே முன்னேறினார்கள்.

கோதண்டராமன் ஒப்புதல் பத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்தார். “எப்ப வெச்சாங்க?”

“முந்தாநாள். என் கண் எதிர்ல,” என்றார் தனகோட்டி.

“மையே போலி, சார்,” என்று கிசுகிசுத்தார் செபாஸ்தியான்.

“மை சர்க்கார் மைதான்யா. சும்மா இரு. அம்மா, துணியை அவுத்துட்டு இதுல ஒரு ரேகை வைங்க.”

அவள் வைத்தாள். தாளில் விழுந்தது ஒரு கறுப்புத் திட்டு. கோடு ஒன்றுகூட இல்லை.

“பத்து நாள் கடலை உரிச்ச விரல்ல ரேகை தேஞ்சிடும்,” என்றார் கோதண்டராமன். “பத்திரத்துல நாப்பத்தொண்ணும் பளிச்சுன்னு கோடுகோடா இருக்குது. இது உரிக்காத விரல். வல்லத்துல இந்த மாசம் அப்படி விரல் கெடையாது. ஆபீஸ்லதான் உண்டு. எல்லாரும் ஒரு ரேகை வெச்சுப் பாத்துடலாமா?”

தனகோட்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவரைப் பார்த்துத் தாசில்தாரின் பியூனும் கட்டிக்கொண்டான்.

தாசில்தார் கனைத்தார். “போலிதான். ரத்து செய்கிறேன். முறையான ஒப்புதல் வாங்கக் கம்பெனிக்கு எட்டு நாள் அவகாசம்.”

“ஊர் குடுக்கலன்னா?” என்றார் செபாஸ்தியான்.

“ஒப்புதல் இல்லாமலே கொழாயத் தொறக்க மேலிடத்து உத்தரவு வந்திருக்குது. இது ஒரு மரியாதைக்குத்தான்.”

சவரியம்மாள் விரலில் துணியைத் திரும்பச் சுற்றினாள்.

“அந்த எட்டு நாளும் நாத்துக்குத் தண்ணி வுட்டுக்கலாமா, ஐயா?”

“விட்டுக்கோ,” என்றார் தாசில்தார், தாராளமாக.