மூத்தாள் கல்

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சைக்கிளில் ஏறியது கெடில ஆற்றங்கரையின் அழகைப் பார்க்க அல்ல. என் புருஷனைப் பார்க்க. அதிலும், அவர் யாரைப் பார்க்கிறார் என்று பார்க்க.

பாலகுமார் எனக்கு அத்தை மகன். பேச்சு வந்த நாளிலிருந்து அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுகிறேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம். மேல்பட்டாம்பாக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார். போன தை மாதம் கடலூர்க்காரர்களின் சைக்கிள் குழு ஒன்றில் சேர்ந்தார். ஞாயிறு தோறும் ஆற்றங்கரை மண்பாதையில் போவார்கள். வழியில் தென்படும் பழைய கோயில், சத்திரம், நடுகல் எல்லாவற்றையும் படமெடுத்துக் குழுவில் போடுவார்கள். மச்சானுக்குத் தொப்பை குறைந்தது. நல்லதுதானே என்றிருந்தேன். படமெடுப்பது ஆரோக்கிய அனிதா என்று தெரிகிற வரைக்கும்.

அனிதா கடலூரில் வரலாறு டீச்சர். கல்யாணம் ஆகாதவள். என் புருஷனை 'பாலா' என்பாள். அவரைப் பெற்றவளே அப்படிச் சுருக்கிக் கூப்பிட்டதில்லை. நானும் வருகிறேன் என்று சொன்னபோது மச்சான் முகத்தில் சந்தோஷம்தான் தெரிந்தது. அதுவும் எனக்கு நடிப்பாகவே பட்டது.

அன்று மற்றவர்கள் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டதால் நாங்கள் மூன்று பேர் மட்டும் திருவந்திபுரத்திலிருந்து மேற்கே கிளம்பினோம். இடப்பக்கம் கேப்பர் மலையின் செம்மண் சரிவு. வலப்பக்கம் மணலாகக் கிடந்த ஆறு. முன்னால் இரண்டு சைக்கிள், பின்னால் நான். அவர்கள் சிரிப்பது கேட்டது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது கேட்கவில்லை. வயிறு எரிய அது போதாதா.

உச்சி வெயிலில் ஒரு முந்திரித் தோப்புக்குள் நுழைந்தோம். உள்ளே இருட்டும் குளுமையுமாக இருந்தது. காய்ந்த இலைகள் டயருக்கடியில் நொறுங்கின. தோப்பின் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு கல். அதில் வாள் பிடித்த ஓர் ஆண். அவன் வலக்கையைப் பற்றியபடி ஒரு பெண். இடப்பக்கமும் ஒருத்தி இருந்திருக்க வேண்டும். அவளை உளியால் கொத்தி எடுத்திருந்தார்கள். இரண்டு பாதங்கள் மட்டும் மிச்சமிருந்தன.

"அண்ணே, தண்ணி பாட்டில் உங்க சைக்கிள்ல இருக்கு, எடுத்துட்டு வாங்க" என்றாள் அனிதா.

காலையிலிருந்து பாலாவாக இருந்தவர் இப்போது அண்ணனாகிவிட்டார். நான் பக்கத்தில் நிற்கிறேன் அல்லவா. கெட்டிக்காரி.

அவர் சைக்கிளை நோக்கிப் போனதும் அவள் என் காதருகே வந்தாள்.

"அக்கா, இங்க இருக்கற வரைக்கும் நீங்களும் அவர அண்ணேன்னுதான் கூப்புடணும். முன்னாடி குழுவா வந்தப்ப ஆடு மேய்க்கிறவங்க சொன்னாங்க. புருஷன் பொண்டாட்டி யார் வந்தாலும் இங்க அண்ணன் தங்கச்சிதானாம்."

"எதுக்கு?"

"கல்லுல அவுரு கையப் புடிச்சிருக்கற இவுங்க மூத்த சம்சாரம். அவுரு சண்டையில செத்ததும் இவுங்க தீயில எறங்குனாங்களாம். எளையவளும் கூட எறங்க வந்தப்ப வெளிய தள்ளி உட்டுட்டாங்களாம். அங்கயும் அவ பங்குக்கு வரக்கூடாதுன்னு. இவுங்க முன்னால வேற எந்தப் பொண்ணும் புருஷன உரிமையா கூப்புடக் கூடாது."

மூத்தவளின் நியாயம் எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாதது இவள் நியாயம்தான். என் புருஷனை நானே என் வாயால் அண்ணன் என்று சொல்ல வேண்டுமாம். சொல்லித் தருவது யார் பாருங்கள்.

"அப்புடிச் சொல்லிட்டா ஒனக்கு வசதியா இருக்கும்ல" என்றேன்.

அவள் முகம் செத்துப்போனது. எனக்கு அது போதவில்லை. கல்லுக்கு நேர் எதிரே போய் நின்றுகொண்டு, இவள் நன்றாகக் கேட்கட்டும் என்று, தோப்பே அதிரக் கூப்பிட்டேன்.

"மச்சான். இங்க வாங்க மச்சான்."

அதுவரை எங்கோ கத்திக்கொண்டிருந்த காக்கை நின்றது. காற்றும் நின்றது. நெய்யும் தலைமுடியும் சேர்ந்து கருகுகிற வாடை வந்தது.

"தோ வந்துட்டேன்" என்றார் மச்சான். சிரித்தபடி நடந்து வந்தார். நான் கையை நீட்டினேன்.

அவர் என்னைத் தாண்டிப் போனார்.

கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"மச்சான்."

என் குரல்.

என் வாய் மூடியிருந்தது.

அவர் மரங்களுக்குள் போய்க்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தொட்டதுபோல் சுட்டது. விட்டுவிட்டேன். அவருக்கு முன்னால், நெருப்பே இல்லாத தரையிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது.

"அண்ணே, நில்லுங்கண்ணே" என்று அனிதா அழுதாள். அவர் திரும்பவில்லை. அந்த நேரத்திலும் எனக்குள் ஒன்று கேட்டது, என் புருஷனுக்காக இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று.

"நான் கூப்புட்டா நடக்காதுக்கா. மச்சான்னு கூப்புட்ட வாயால நீங்க சொல்லுங்க. உட்டுக் குடுத்துடுங்கக்கா."

அவர் சட்டையின் ஓரம் பழுப்பாகிச் சுருள ஆரம்பித்தது.

"அண்ணே" என்றேன்.

அவர் நிற்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். மூன்றாவது முறை கத்தினேன்.

அவர் நின்றார்.

புகை இல்லை. வாடை இல்லை. காக்கை கத்தியது. மச்சான் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார்.

"என்ன தங்கச்சி, வெயில்ல நின்னுக்கிட்டு? மொகமெல்லாம் செவந்து கெடக்கு."

அவரும் ஊர் வழக்கத்தைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தோம். அனிதா என் தோளில் சாய்ந்து அழுதபடியே சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளை முதல்முறையாகப் பிடித்துப்போனது அப்போதுதான்.

வீட்டுக்கு வந்தும் தங்கச்சி என்றார். விளையாட்டு போதும் என்றேன். எது விளையாட்டு என்று கேட்டார். அன்றைக்கே பாயை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். ஆறு மாதமாகிறது. கடைக்குப் போகிறார், கணக்கு வழக்கெல்லாம் சரியாகப் பார்க்கிறார். என்மேல் கோபம் கிடையாது, பாசம் ஜாஸ்தியாகவே இருக்கிறது. ஆடிப்பெருக்குக்குப் புடவையும் மஞ்சள் குங்குமமும் வாங்கி வந்து, "பொறந்த ஊட்டுச் சீரு, வச்சுக்கம்மா" என்று என் கையில் கொடுத்தார். நான் அதை வாங்கிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து அழுதேன்.

அனிதா வாரம் தவறாமல் வந்து பார்க்கிறாள். அவரை என்னிடமிருந்து பறித்தது இவளாக இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது. அவளாக இருந்தால் தலைமுடியைப் பிடித்துச் சண்டையாவது போட்டிருப்பேன்.

நேற்று மத்தியானம் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் எங்களைத் தவிர யாரும் இல்லை. பின்னறைக் கதவு சாத்தியிருந்தது.

"மச்சான்" என்று உள்ளேயிருந்து மெதுவாக ஒரு குரல்.

இப்போது அது என் குரல் இல்லை. கனிவான, கொஞ்சம் வயசான குரல்.

அவர் சாப்பாட்டில் பாதியில் எழுந்தார். ஒன்பது வருஷத்தில் எனக்காக ஒருநாளும் அவர் முகத்தில் வராத சிரிப்பு வந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கரண்டியை வைத்துவிட்டுக் கதவருகே போனேன். உடைத்தாவது உள்ளே போய்விட வேண்டும் என்றுதான் போனேன்.

நான் நிற்பது தெரிந்ததுபோல் உள்ளே பேச்சு நின்றது. பிறகு அவள் சொன்னாள், முறை தெரிந்த ஒரு மருமகள் சொல்வதைப் போல.

"நாத்தனாரு சாப்புட்டாங்களான்னு கேளுங்க மச்சான்."