வலது கால் பூட்ஸ்

நனைந்த பூட்ஸைக் காயவைக்க ஹீட்டரின் மேல் வைத்துவிட்டு டீ போடப் போனது சின்னவனின் சொந்த யோசனை. அவன் யோசனைகள் எல்லாம் இப்படித்தான் முடியும். பசை உருகி, வலது பூட்ஸின் அடிப்பாகம் கொட்டாவி விடுவதுபோல் பிளந்துகொண்டது.

அதே நேரம் பக்கத்து அறையில் அண்ணன் அலறினான். வலது பாதம் எரிகிறதாம்.

அண்ணனுக்கு வலது பாதம் கிடையாது. பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே மொத்தமும் போனது. அவன் பூட்ஸ் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் வீடு திரும்பியது. பார்சல் கொண்டுபோகும் வேலையிலிருந்த சின்னவன், அன்றிலிருந்து அதைப் போட்டுக்கொண்டுதான் வண்டி ஓட்டினான். இல்லாத கால் வலிப்பது சகஜம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அலறலை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கச் சொன்னாள் அண்ணி. சின்னவனுக்கோ மனசு வரவில்லை. அண்ணனையே கேட்டான்.

"என்னை ஏன்டா கேக்குற? நான் பாதி கஸ்டமர்தானே," என்று சிரித்து மழுப்பினான் அண்ணன்.

கடைசியில் தைப்பதென்று சின்னவனே முடிவுகட்டினான்.

கடையில் பூட்ஸ் தைப்பவர், கால் வடிவ மரக்கட்டையை உள்ளே செருகினார். பாதியில் நின்றது. அளவு சரிதான். மறுபடி அழுத்தினார்.

உள்ளே ஏதோ விரல்களை மடக்கிக்கொண்டது.

கட்டையை உருவிவிட்டுக் கையை விட்டுத் துழாவினார். காலி. ஆனால், யாரோ இப்போதுதான் கழற்றிவைத்ததுபோல் வெதுவெதுப்பு. ஈர வியர்வையின் வாடை.

சின்னவனின் போன் அடித்தது. அண்ணிதான். இல்லாத பாதத்தை யாரோ நசுக்குவதாக அண்ணன் துடிக்கிறானாம்.

"கட்டை வேணாம் தம்பி," என்றார் தைப்பவர், குரலைத் தாழ்த்தி. "நீங்களே மாட்டிக்குங்க. கால் உள்ள இருக்கும்போதே ஓரத்தைத் தச்சிடுறேன்."

மாட்டினான். கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அண்ணனுக்கு வலி அடங்கிவிட்டதாகப் போனில் அண்ணி சொன்னாள். அசட்டுப் பயலுக்கு நிம்மதியில் கண் கலங்கிவிட்டது.

ஊசி இறங்கியது. ஏறியது. இறங்கியது.

வலிக்கவே இல்லை.

கடைசித் தையலில் நூல் சிவப்பாக வந்தது. தைப்பவர் ஊசியைக் கீழே போட்டார். அத்தனை தையலும் சதையோடு சேர்ந்தே விழுந்திருந்தது. சின்னவன் பூட்ஸைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. வலது காலுக்கு அடியில் தரையே இல்லாததுபோல் இருந்தது. அண்ணன் கட்டிலில் சாய்ந்து, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

வலது பூட்ஸின் நுனி அதற்குத் தாளம் போட்டது.

சின்னவன் காலை அசைக்கவில்லை.

"அண்ணா," என்றான். "என் காலுக்கு எப்ப உணர்ச்சி வரும்?"

இந்த முறை அண்ணன் சிரிக்கவில்லை, மழுப்பவில்லை.

"வராதுடா. அது இப்ப என் கால்."