ஒன்பதாம் அறையின் கதவு

ஒன்பதாம் அறையில் மட்டும் முன்கணிப்பான் தோற்றுக்கொண்டே இருந்தது. மற்றப் பதினொரு அறைகளில் அது சொன்னது சொன்னபடி நடந்தது. தேறுவார் என்றவர் தேறினார். தேறமாட்டார் என்றவர் தேறவில்லை. ஒன்பதில் மட்டும், தேறமாட்டார் என்று அது சொன்னவர்களும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

மருத்துவ உளவியலாளர் நப்பின்னை அந்த அறையை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்துவிட்டாள். ஜன்னல் எந்தத் திசை, உப்பளக் காற்று எவ்வளவு வருகிறது, மின்விசிறி எத்தனை சத்தம் போடுகிறது என்று எல்லாம் பார்த்தாயிற்று. கட்டிலைக்கூட மாற்றிப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. அந்த மனநல வார்டில் இருந்தவர்களுக்குக் குழப்பமே இல்லை. அதை அவர்கள் ராசியான ரூம் என்றார்கள்.

நப்பின்னை எட்டு வருடம் ஆராய்ந்து உருவாக்கிய முன்கணிப்பான் வேலை செய்யும் விதம் எளிது. நோயாளியின் மணிக்கட்டில் ஒரு பட்டை இருக்கும். அவர் என்ன பேசுகிறார் என்று அது கேட்பதில்லை. எத்தனை முறை பேசுகிறார், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, எப்படித் தூங்குகிறார், எவ்வளவு நடக்கிறார் என்று மட்டும் அளக்கும். பழைய நோயாளிகள் ஆயிரக்கணக்கானோரின் அளவுகளோடு ஒப்பிட்டு, இவர் மீள்வதற்கான வாய்ப்பை ஓர் எண்ணாகச் சொல்லும். அதன் பெயர் மீள்மதிப்பு. அறை வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் உள்ளங்கை அகல விளக்கு ஒன்று அதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும். விளக்கும் அவளுடைய யோசனைதான். யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று செவிலியர்கள் நடக்கும்போதே தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தாள்.

இரண்டு வாரம் தொடர்ந்து சிவப்பு எரிந்தால், மதியம் இரண்டு மணிக்கு, மீளாதவர்களை வைத்திருக்கும் நெடுந்தங்கல் காப்பகத்தில் இருந்து வண்டி வரும். முன்பு யார் போவது என்பதை மருத்துவர்கள் முடிவு செய்தார்கள்; சிபாரிசு உள்ளவன் தங்கினான், இல்லாதவன் போனான். அதனால் அரசு மனிதக் கையை முழுதாக விலக்கிவிட்டது. எண்ணை யாரும் திருத்த முடியாது. நெடுந்தங்கலுக்குப் போனவர்களில் இதுவரை ஒருவரும் திரும்பியதில்லை.

இன்று அந்த வண்டியில் போவது நான்காம் அறை இசக்கிராஜனின் முறை. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நப்பின்னை அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சாப்டீங்களா?"

நெடுநேரம் கழித்து வந்தது பதில். "மேடம், நான் செத்துட்டனா?"

"ஏன் அப்படிக் கேக்குறீங்க?"

"எழவு வீட்டுல பேசுத மாதிரியே பேசுதாவ எல்லாரும். மாத்திரைய வச்சுட்டு, சத்தங்காட்டாம போயிருதாவ. சாப்பாடு நல்லால்லன்னு சொன்னேன். ஒரு ஆளு சண்டைக்கு வரல."

அவள் எழுந்து நடைக்கு வந்தாள். தூரத்தில் தலைமைச் செவிலியர் ஜெபகனியின் குரல் முழங்கிக்கொண்டிருந்தது.

"செல்லையாண்ணாச்சி! சாம்பார்ல உப்பு இல்லியாக்கும்? வெளிய பாருங்க, மலை மலையா குவிச்சு வச்சிருக்கான், போய் அள்ளிட்டு வாங்க!"

"நீ வந்து அள்ளிக் குடு தாயி. ஒனக்குத்தான் கை பெருசு."

"கொழுப்பு கொறையல அண்ணாச்சிக்கு!"

குரல், புதிதாக வந்த செல்லையாவின் ஒன்பதாம் அறையில் இருந்து வந்தது. நப்பின்னை அதன் வாசலில் நின்றாள். இந்த அறைக் கதவின் கீல் தொய்ந்து பல மாதம் ஆகிறது. மூடினால் தரையில் இழுபடும் என்பதால், வெளிப்பக்கமாக முழுதும் திறந்து சுவரோடு சாத்தியே வைத்திருப்பார்கள். கதவுக்குப் பின்னால் சுவர். அந்தச் சுவரில்...

அவள் கதவை இரு கைகளாலும் தூக்கி இழுத்தாள். தரை கிறீச்சிட்டது. ஜெபகனி வெளியே வந்து பார்த்தாள். சுவரில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிவப்பு.

"செவப்பா? அண்ணாச்சிக்கா?" ஜெபகனியின் முகம் சுருங்கியது. திரும்பி அறைக்குள் பார்த்தாள். பிறகு, தன்னை அறியாமலே, குரலைத் தாழ்த்தி மெல்லச் சொன்னாள்: "நீங்க படுங்கண்ணாச்சி. தொந்தரவு பண்ணல."

செல்லையாவின் சிரிப்பு நின்றுபோனது.

நப்பின்னை அவள் பக்கம் திரும்பினாள். "சிஸ்டர், இப்ப ஏன் மெதுவா பேசுனீங்க?"

"பாவம்லா மேடம். செவப்புன்னா முடியாத ஆளு. அவியளப் போட்டு வம்பிழுக்கலாமா?"

பாவம் பார்த்துத்தான் எல்லோரும் குரலைத் தாழ்த்தியிருந்தார்கள். செவிலியர் பேச்சைக் குறைத்தால் நோயாளியின் பேச்சும் குறையும். பட்டை அதை அளக்கும், மீள்மதிப்பு இறங்கும், சிவப்பு நிலைக்கும். பழைய நோயாளிகளின் காலத்தில் விளக்கே கிடையாது. அன்று மௌனம் நோயின் அடையாளம். இன்று அந்த மௌனத்தை விளக்கே உண்டாக்கியது. ஒன்பதில் மட்டும் கதவு விளக்கை மறைத்தது; பேச்சு குறையவில்லை, சிவப்பில் வந்தவர்களும் தேறினார்கள். மற்ற அறைகளில் முன்கணிப்பான் தன் தீர்ப்பைத் தானே நிறைவேற்றிக்கொண்டிருந்தது.

நடையின் கோடியில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஊழியர்கள் இருவர் தள்ளுகட்டிலோடு இறங்கினார்கள்.

"நிறுத்த முடியாதா மேடம்?" என்றாள் ஜெபகனி.

"எண்ணைத் திருத்த முடியாது. ஆனா அளக்குற கருவியே பழுதுன்னு நான் அறிவிக்கலாம். அந்த ஒரு அதிகாரம் மட்டும் எனக்கு இருக்கு. அறிவிச்சா இதுவரைக்கும் அது குடுத்த எல்லா எண்ணும் செல்லாது."

"எல்லாமுன்னா? நாம ஏத்தி அனுப்புனவியளுக்கு உள்ளதுமா?"

"அதுவும்தான்."

"ஒங்க எட்டு வருச ஆராய்ச்சி?"

நப்பின்னை நடையில் இருந்த சுவர்த்திரையை நோக்கி நடந்தாள். தள்ளுகட்டில் நான்காம் அறை வாசலை எட்டியிருந்தது. உள்ளே இசக்கிராஜன், யாரும் சொல்லாமலே எழுந்து, துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். அவள் சுவர்த்திரையில் கைரேகை வைத்து, 'கருவி பழுது' என்ற கட்டத்தை அழுத்தினாள். பன்னிரண்டு விளக்குகளும் ஒரே நேரத்தில் அணைந்தன.

ஊழியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உத்தரவு திரையில் இருந்து மறைந்துவிட்டது. வண்டியில் ஏற்ற ஆள் இல்லை.

ஜெபகனி நான்காம் அறைக்குள் போய் இடுப்பில் கை வைத்து நின்றாள். சத்தமாகவே பேசினாள். "என்னல, மூட்டைய கட்டிட்டு எங்க கெளம்பிட்ட? சாப்பாடு நல்லால்லன்னு சொன்னியாம்ல?"

இசக்கிராஜன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான். "ஆமா," என்றான். இந்த முறை பதில் உடனே வந்தது. "வாயில வைக்க முடியல."

இப்போது அந்த வார்டில் விளக்குகள் இல்லை. முன்கணிப்பான் வேலை செய்கிறது. ஆனால் அறைக்குள் போகும் யாருக்கும் எண் தெரியாது. நோயாளி வீட்டுக்குப் போன பிறகே அது திறந்து பார்க்கப்படுகிறது, கணிப்பு சரியா என்று சோதிக்க மட்டும். அந்த எண்ணைக் கொண்டு யாரும் எங்கும் அனுப்பப்படுவதில்லை. நெடுந்தங்கலுக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்ப அழைத்துவரப்படுகிறார்கள். அவர்களுடைய பழைய எண்ணை ஜெபகனியிடம் யாரும் சொல்வதில்லை.