மாதா கழுத்துச் சங்கிலி

பகல் 12:05. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி இத்தாலியர் தெருவில், ஊர்ச் சங்கக் கூடத்து மாதா சிலையின் கழுத்து வெறுங்கழுத்தாக இருந்தது. தங்கச் சங்கிலியைக் காணோம். அதைப் பார்த்துக் கத்தியவன் கூட்டித் துடைக்கும் மெக்சிகோக்காரன் யூசேபியோ. கத்திய வாயை மூடுவதற்குள் அவனே திருடன் என்று தீர்ப்பாகிவிட்டது. ஓடி வந்து வாசலில் நின்றபடியே சொன்னவர் சங்கத் தலைவர் பாஸ்குவாலே. ஞாயிறு பூசையில் முதல் வரிசைப் பெரிய மனிதர், சொன்னால் சரியாகத்தானே இருக்கும்!

வேறு யாரும் உள்ளே போகுமுன் எதிர்க்கடையில் நின்ற ஃபிலோமினாவைக் கூப்பிட்டார்கள். முப்பது வருடம் போலீஸில் துப்பறிந்தவள். இதே தெருவில் பிறந்தவள் என்பதால் ஒருவரையும் நம்பமாட்டாள்.

நடந்தது இது. 11:00 மணிக்கு வழிகாட்டி ராக்கோ பதினான்கு சுற்றுலாப் பயணிகளை ஓட்டி வந்தான். அவன் இத்தாலியனும் இல்லை, ராக்கோவும் இல்லை. ஒஹாயோவிலிருந்து வந்து பெயர் மாற்றிக்கொண்ட புளுகன். மூலைக்கொரு கொலைக்கதை அளந்துவிட்டு, அழகுக்காக மாதா முன் மேசையில் ஒரு ரொட்டியைப் போட்டுப் படம் எடுக்கச் சொன்னான். அந்த அப்பாவிகளும் எடுத்தார்கள். 11:20க்கு எல்லோரும் வெளியேற, பாஸ்குவாலே உள்ளே போகாமல் வாசலில் நின்றபடியே கூடத்தைப் பூட்டினார். சாவி இரண்டு. ஒன்று அவரிடம், மற்றொன்று யூசேபியோவிடம்.

பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்ததாகவும், பிறகு இந்தப் பக்கமே வரவில்லை என்றும் பாஸ்குவாலே சொன்னார். பன்னிரண்டு மணிக்குத் திறந்ததும் வெறுங்கழுத்தைத்தான் பார்த்தேன், மேசையைத் தொடவே இல்லை என்றான் யூசேபியோ. குடியேற்றப் பத்திரம் இல்லாதவன். போலீஸ் வந்தால் வேலை மட்டுமா, இந்த நாட்டையே விட்டுத் துரத்திவிடுவார்கள்.

தெருவில் இன்னும் கதை அளந்துகொண்டிருந்த ராக்கோவைக் கூப்பிட்டு, ஃபிலோமினா அவன் போனை வாங்கிப் பார்த்தாள். 11:20க்குக் கிளம்பும்போது எடுத்த கடைசிப் படம். சங்கிலி இருந்தது. ரொட்டி குப்புறக் கிடந்தது.

ராக்கோவை வெளியே அனுப்பிவிட்டு மேசைக்கு வந்தாள். நிமிர்ந்திருந்த ரொட்டியை எடுத்துக் குப்புறப் போட்டாள்.

"யூசேபியோ, மேசையில ஏதாச்சும் தப்பா இருக்கா?"

அவன் உற்று உற்றுப் பார்த்தான். "இல்லையேம்மா."

அதற்குள் பாஸ்குவாலேயின் கை தானாக நீண்டு ரொட்டியை நிமிர்த்தி வைத்தது.

"ஏன் திருப்புன?"

"கர்த்தரோட உடம்பு. கவுத்துப் போட்டா பாவம்னு நம்ம இத்தாலிப் பாட்டிங்க சொல்லுவாங்களே. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அந்த ஒஹாயோக்காரனுக்குத் தெரியாது, இவனுக்கும் தெரியாது. பூட்டுனப்போ கவுந்து கிடந்த ரொட்டியை நம்மாளு ஒருத்தன் உள்ள வந்து நிமித்தியிருக்கான். சாவி வச்சிருக்கிற நம்மாளு நீ ஒருத்தன்தான்."

பாஸ்குவாலேக்கு முகம் வெளுத்தது. இனி அவனுக்கு மரியாதை எதற்கு? பேத்தி கல்யாணத்தில் தன் பரிசாகப் போட எடுத்தானாம். வீட்டில் இருக்கிறதாம். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கெஞ்சினான்.

"திருட வந்த இடத்துல ரொட்டிக்குப் பாவம் பாத்திருக்க. இந்த மனுஷனைப் பிடிச்சுக் குடுக்கிறது பாவம்னு தோணலை. தூ, நீயெல்லாம் ஒரு தலைவன்."

கதவை விரியத் திறந்தாள். தெருவே கூடியிருந்தது, ராக்கோவின் சுற்றுலாக் கூட்டமும். யார் திருடன் என்று அவன் வாயாலேயே சொல்லி, யூசேபியோவிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். கேட்டான்.

பதினான்கு பேரும் படம் எடுத்தார்கள்.