காரணம் முதலிலேயே எழுதப்பட்டிருந்தது

பதிவேட்டில் இன்னும் யாருடைய எண்ணும் விழாத வரிகளுக்கும் காரணம் எழுதியிருந்தது. அதைத்தான் அவள் முதலில் கவனித்தாள்.

ஆலையின் நூற்றாண்டு மலருக்காகப் பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்வது அவள் வேலை. மாடியில் ஆவண அறை. நேர் கீழே தறிக்கூடம். புதிதாக இறக்கிய தானியங்கித் தறியில் அவள் புருஷனுக்குப் பகல் ஷிப்ட். மேஜையில் எண்பது வருஷத்துக்கு முந்திய விபத்துப் பதிவேடு விரிந்து கிடந்தது. கைத்தறி ஓடிய காலத்தில் மாதத்துக்கு ஒரு விபத்து. மின்தறி வந்த மாதம் பதினொன்று. தேதி, டோக்கன் எண், போன உறுப்பு, காரணம். காரணக் கட்டத்தில் மட்டும், கடைசிப் பக்கம்வரை, ஒரே கையெழுத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு'.

மேலாளர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அந்தக் காலத்து கிளார்க் கெட்டிக்காரன்மா. சும்மா இருக்கிறப்ப காரணத்தை மொத்தமா எழுதி வச்சுடுவான். அடிபட்டவன் வந்தா நம்பரும் கையா காலான்னும் போட்டா முடிஞ்சது."

"யாருக்கு அடிபடும்னு தெரியறதுக்கு முன்னாடியே தப்பு யாரோடதுன்னு தெரிஞ்சிருக்கு சார்."

"வாய் உனக்கு. இதை விடு. உற்பத்தி நாலு மடங்காச்சுன்னு ஒரு காகிதம் இருக்கும், அதைத் தேடு."

அவர் போய்விட்டார். தறிகள் அடிக்கிற அடி தரை வழியாக ஏறி, நாற்காலிக் கால்களில் நடுங்கி, அவள் முழங்காலுக்கு வந்துகொண்டிருந்தது. செல்லரித்த காகித நெடிக்கு நடுவே, அப்போதுதான் புட்டியைத் திறந்ததுபோல ஈர மையின் வாடை மெல்லக் கிளம்பி மூக்கில் ஏறியது. பேனா முள் தாளைக் கீறுகிற சத்தம். அறையில் பேனாவே இல்லை.

காலி வரியில் மை ஊறியது.

தேதி. இன்றைய தேதி.

தொட்டாள். விரலில் ஒட்டியது.

டோக்கன் எண். தினமும் காலையில் புருஷன் சட்டையில் அவள் குத்திவிடுகிற எண்.

அடுத்த கட்டம். 'வலது'.

மீதியைப் படிக்க அவள் நிற்கவில்லை.

கூடத்துக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். ஓடினாள். படிகள். இரும்புக் கதவு. பஞ்சுத்தூசி. காதை அடைக்கிற இரைச்சல்.

அவன் முழுசாக நின்றிருந்தான். அறுந்த இழையை எடுக்க ஓடுகிற தறிக்குள் வலது கையை விட்டிருந்தான். தறியை நிறுத்தினால் மேலாளருக்குத் தெரிந்துவிடும், வசவு விழும். அதனால் அடிகளை மனதுக்குள் எண்ணி, இரண்டு அடிக்கு நடுவே கையை விட்டு எடுப்பதுதான் அங்கே எல்லாருக்கும் வழக்கம். அவன் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன.

"என்னங்க, கையை எடுங்க."

அடிவயிற்றிலிருந்து கத்தினாள். இரைச்சலைக் கிழித்துக்கொண்டு அது அவனிடம் போய்ச் சேர்ந்தது.

உதடுகள் நின்றன. அவன் திரும்பினான்.

"என்ன, நீ இங்க?"

சிரித்தான். வலி இன்னும் முகத்துக்கு வந்து சேரவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் தறி அதன்பாட்டுக்கு நெய்துகொண்டிருந்தது. வெள்ளைத் துணி அடிக்கு அடி சிவந்து, உருளையில் சுருக்கமில்லாமல் சுற்றிக்கொண்டு போனது.